கடைசி என்ட்ரியைப் பார்!

ரிப்பேர் கடைக்காரர்கள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் காதில் விழுகிற முதல் வாசகம் என்ன தெரியுமோ? 'எவ்வளவு ஆகும்?' என்று நினைப்பீர்கள். அது இரண்டாவது. முதல் வாசகம், 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடிட்டிருந்துச்சு!'

மிக்ஸி, ஸ்கூட்டர், பம்ப்செட் எல்லாவற்றுக்கும் இதே வாசகம்தான். லேப்டாப்புக்கு மட்டும் லேசாக மாறும். 'சர்வீஸுக்குக் குடுக்கிற வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடிட்டிருந்துச்சு!'

இந்த வாரம் அந்த ரகத்தைப் பற்றித்தான். தூசு தட்டக் கொடுக்கிறோம். ராம் கூட்டக் கொடுக்கிறோம். பேட்டரி மாற்றக் கொடுக்கிறோம். பளபளவென்று துடைத்துத் திருப்பித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினால், கைமாற்று கேட்டதும் நண்பர்கள் காட்டுவார்களே ஒரு மௌனம், அந்த மௌனம்!

'நீ பி.காம். பேர்வழி. லேப்டாப்பைப் பற்றிப் பேச உனக்கு என்னய்யா யோக்கியதை?' என்று கேட்கலாம். இருக்கிறது ஸார். எங்கள் காலேஜில் அக்கவுண்டன்ஸி எடுத்த புரொபஸர் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். மூன்று வருஷப் படிப்பில் இன்றைக்கும் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்று வையுங்கள். இரண்டு பக்கமும் உதைக்கிறது. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் போனால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. பாதித் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் டெபிட்டில் விழ வேண்டியது கிரெடிட்டில் விழுந்திருக்கும். புரொபஸர் சொல்வார்: "இந்த வித்தையெல்லாம் அப்புறம்டா. நேத்து டாலி ஆச்சா? ஆச்சுன்னா, நேத்து வரைக்கும் இருக்கிற புஸ்தகத்தை மூடி வை. இன்னிக்குப் போட்ட என்ட்ரியை மட்டும் பார். கடைசியா யார் கை பட்டதோ, அங்கேதான் தப்பு உட்கார்ந்திருக்கும்."

இதை லேப்டாப்புக்குப் போட்டுப் பாருங்கள். நேற்று ஓடியது, டாலி. இன்று ஒருவர் திறந்தார், தொட்டார், மூடினார். இன்று ஓடவில்லை. அப்படியானால் தேட வேண்டியது அவர் கை பட்ட இடங்களைத்தான். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்குச் சூத்திரம் ஞாபகம் வருவதில்லை.

என் மச்சினனுக்கும் வரவில்லை. (அவனும் பி.காம்.தான்.)

பையன் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். சம்பளம் 22 ஆயிரம். சாயங்காலங்களில் நாலு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறான். அதில் ஒரு 6 ஆயிரம். அந்த ஆறு அப்படியே ஊருக்கு, அப்பாவின் மாத்திரை மருந்துக்குப் போய்விடும். நாலு கடை டாலி கணக்கும் அவனுடைய சொந்த லேப்டாப்பில், தவணையில் வாங்கியது.

2024 மே மாதம். கத்திரி வெயில். லேப்டாப்பின் விசிறி ரைஸ் மில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஆபீஸ் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்தான். (பேர் வேண்டாம். இப்படிப்பட்ட கடை உங்கள் ஆபீஸ் பக்கத்திலும் இருக்கும்.) தூசு எடுத்து, பிராசஸர் மேலே புதுசாக வெப்பப் பசை வைத்து, 8 ஜி.பி. ராமை 16 ஆக்கித் தருவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தந்தார்கள். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். இருந்த பையன், 'சார்ஜ் இல்ல சார், வீட்ல போய் சார்ஜ் போட்டு ஆன் பண்ணிக்குங்க' என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

வீட்டில் மௌனம். சனிக்கிழமை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினான். முதலாளி இரண்டு தடவை பட்டனை அமுக்கி, காதருகே வைத்துக் கேட்டு, தீர்ப்புச் சொன்னார்: "போர்டு போச்சு தம்பி. 14,500 ஆகும். ஒரு வாரம்."

இந்த 'போர்டு போச்சு' இருக்கிறதே, அது டாக்டர்கள் சொல்லும் 'வைரல் ஃபீவர்' மாதிரி. சில சமயம் உண்மை. பல சமயம், 'எனக்கும் தெரியலை' என்பதன் கௌரவமான மறுபெயர்.

அன்று தேதி 18. நாலு கடைக்கும் ஏப்ரல் மாத ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள் 20. தாண்டினால் கடைக்குத் தினம் 50 ரூபாய் லேட் ஃபீ. கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி தனி. ரூபாயை விடுங்கள். 'உன்னை நம்பித்தானேப்பா குடுத்தோம்' என்று கடைக்காரர்கள் சொல்கிற அந்த ஒரு வார்த்தை! பென் டிரைவில் பேக்கப் இருந்தது. மார்ச் 31 வரைக்கும். ஏப்ரல் முழுக்க லேப்டாப்புக்குள்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், பெர்சனல் லோன் போடலாம்னு இருக்கேன்."

"உட்காரு மாப்ளே. முதல்ல காபி. அப்புறம் லோன்."

காபி வரும் முன் மூன்று கேள்விகள் கேட்டேன். இவற்றை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளலாம். விளக்கு எரிகிறதா? விசிறி சுற்றுகிறதா? படம் வருகிறதா?

விளக்கே எரியவில்லை என்றால் சமாசாரம் கரண்ட்டில். சார்ஜர், பிளக் பாயின்ட், பேட்டரி, சார்ஜர் செருகும் வாய், பட்டன். விளக்கு எரிந்து விசிறியும் சுற்றி, திரை மட்டும் கறுப்பு என்றால் முதல் சந்தேகம் ராம் மீது. இரண்டாவது திரைக்குப் போகும் கேபிள் மீது. கம்பெனி முத்திரை வரைக்கும் வந்து அங்கேயே நின்றால், அல்லது 'பூட் டிவைஸ் இல்லை' என்று இங்கிலீஷில் புலம்பினால், எஸ்.எஸ்.டி.யைப் பார்க்க வேண்டும். ஆன் ஆகி, சில விநாடிகளிலேயே பொட்டென்று அணைந்தால் வெப்பம்: பிராசஸர் மேல் உட்கார வேண்டிய செம்புக்குழாய் தகடு சரியாக உட்காரவில்லை. அந்தத் தகட்டின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று நம்பர் போட்டிருப்பார்கள். அழகுக்கு அல்ல. அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால்தான் தகடு சமமாக உட்காரும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால், ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும்.

எங்கள் நோயாளிக்கு வருவோம். சார்ஜரைச் செருகினால் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினால் ஒன்றும் இல்லை.

"பார்த்தியா மாப்ளே? போர்டு செத்திருந்தா இந்த விளக்குக்கு யாரு சோறு போடுறது?"

கரண்ட் உள்ளே போகிறது. சார்ஜ் ஏற்றும் பகுதிக்கு உயிர் இருக்கிறது. பட்டன் சொல்வதுதான் யார் காதிலும் விழவில்லை.

முதல் வைத்தியம் காசில்லாதது. சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை அரை நிமிஷம் விடாமல் அமுக்கிப் பிடிப்பது. போர்டில் ஆங்காங்கே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். குழம்பிப் போயிருக்கும் லேப்டாப் சில சமயம் இதிலேயே தெளிந்து எழுந்துவிடும். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய சில மாடல்கள், சார்ஜர் செருகினால்தான் முதல் தடவை கண்ணே திறக்கும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

எங்களது எழவில்லை.

"சரி, திற."

"வாரண்டி?"

"வாரண்டி முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுன்னு நீதானே சொன்னே?"

(வாரண்டி இருக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவது உத்தமம்.)

என் மனைவியிடம் இட்லித் தட்டு கேட்டேன். ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தாள். ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க இட்லித் தட்டைப் போல ஒரு கருவி உலகத்தில் இல்லை ஸார். எந்தத் துளையில் இருந்து எடுத்தோமோ அந்த வரிசையில் குழிக்கு ஒன்று. காரணம் இருக்கிறது. லேப்டாப் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நெட்டையைப் போட்டு முறுக்கினால், அது அந்தப் பக்கம் இருக்கும் போர்டைக் குத்திக் கிழித்துவிடும். அப்போது நிஜமாகவே போர்டு போச்சு!

கழற்றினோம். துளைகள் 11. ஸ்க்ரூக்கள் 9.

"ரெண்டு எங்கே அத்தான்?"

"சர்வீஸ் சார்ஜ்."

மூடியைத் திறந்ததும் முதல் காரியம், பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. கரண்ட் இருக்கும்போது உள்ளே கை வைப்பது வீரம் அல்ல. பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வடை மாதிரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். கருகிய வாசனை, கறுத்த தடம், ஈரக் கறை இருந்தாலும் அதே முடிவுதான். எங்களுக்கு அதெல்லாம் இல்லை. உள்ளே உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்தது. அந்தக் கடைப் பையன் தூசு தட்டுவதில் சூரன்.

இப்போதுதான் புரொபஸரின் சூத்திரம். என்னென்ன என்ட்ரி போட்டார்கள்? ஒன்று, பசை. இரண்டு, ராம். பசை வைக்க வேண்டும் என்றால் அந்த மாடலில் போர்டையே தூக்க வேண்டும். போர்டைத் தூக்கக் கீபோர்டு, டச்பேட், திரை என்று அதில் செருகியிருக்கும் அத்தனை ரிப்பன் கேபிள்களையும் கழற்ற வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றும் ஒரு என்ட்ரி. திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றும் ஒரு போஸ்டிங். ஒன்று விட்டுப் போனாலும் டாலி ஆகாது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். கீபோர்டு ரிப்பன் நுழையும் இடத்தில், அரிசி நீளத்துக்கு ஒரு கறுப்புத் தாழ்ப்பாள் உண்டு. தாழ்ப்பாளைத் தூக்கி, ரிப்பனை நேராக உள்ளே விட்டு, தாழ்ப்பாளைச் சாத்த வேண்டும். இங்கே தாழ்ப்பாள் திறந்தே கிடந்தது. ரிப்பன் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே, டவுன் பஸ் புட்போர்டில் தொங்குகிற ஆள் மாதிரி.

"கீபோர்டுதானே அத்தான்? டைப் அடிக்க முடியாமப் போகும். ஆனே ஆகாமப் போகுமா?"

"பவர் பட்டன் எங்கே இருக்கு?"

பார்த்தான். கீபோர்டின் வலது மேல் மூலையில், கீயோடு கீயாக. பட்டனின் சேதியும் அதே ரிப்பன் வழியாகத்தான் போர்டுக்குப் போக வேண்டும். பையன் முகத்தில் சனிக்கிழமை வந்த பிறகு முதல் முறையாக ரத்தம் ஓடியது.

ரிப்பனை நேராக்கிச் செருகினோம். தாழ்ப்பாள் 'டிக்'. பேட்டரியை மாட்டினோம். பட்டன்.

விசிறி சுற்றியது! ஆனால் திரை கறுப்பு. சார்ஜ் விளக்கு மட்டும் ஆரஞ்சில் 2 தடவை, வெள்ளையில் 3 தடவை என்று மாற்றி மாற்றிச் சிமிட்டியது.

"ஐயையோ" என்றான் மச்சினன்.

"ஐயையோ இல்லடா. பேசுது!"

படம் காட்ட முடியாத லேப்டாப் விளக்கால் பேசும், சில மாடல்கள் 'பீப்' சத்தத்தால் பேசும். எந்தச் சிமிட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கம்பெனி மேனுவலிலேயே அட்டவணை இருக்கும். டெல் லேப்டாப்களில் பலவற்றில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் 'ராம் கண்ணில் படவில்லை' என்று பொருள். எங்களதும் அந்த வம்சம்தான். இப்படி வாய்விட்டுச் சொல்கிற நோயாளி டாக்டர்களுக்குக்கூடக் கிடைப்பதில்லை.

இரண்டாவது என்ட்ரியைப் பார்த்தோம். ராம் கட்டைகள் இரண்டும் பாதிதான் உட்கார்ந்திருந்தன. தங்க நிறப் பற்கள் ஒரு வரிசை வெளியே தெரிந்தன. லேப்டாப் ராமைச் சாய்த்துப் பிடித்து, பல் மறைகிற வரைக்கும் உள்ளே தள்ளி, அப்புறம்தான் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கொக்கிகளும் 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும். கழற்றி, பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, துகள்களை ஊதினோம். இரண்டையும் மறுபடி மாட்டப் போனான்.

"ஒண்ணு மட்டும். பழசு மட்டும்."

"ஏன்?"

"ரெண்டு என்ட்ரியை ஒரே சமயத்துல திருத்தினா, எது தப்புன்னு எப்படித் தெரியும்?"

இது முக்கியம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்று, பார், அப்புறம் அடுத்தது. பழைய ராமை மட்டும் மாட்டி ஆன் செய்தோம். கறுப்பு. பத்து விநாடி, இருபது விநாடி, கறுப்பு. பட்டனை அணைக்கப் போன அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ராமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை ஆன் செய்தால், லேப்டாப் அதைப் புதுசாக அளந்து, பழகி, அப்புறம்தான் வேலையைத் தொடங்கும். புது ரக ராம்களில் சில நிமிஷங்கள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பதறிப் பதறி அணைத்து ஆன் செய்வது, முகூர்த்த நேரத்தில் ஐயரை எழுப்பிவிடுவது மாதிரி.

கம்பெனி முத்திரை வந்தது. என் மனைவியே கை தட்டினாள். (இட்லித் தட்டு சீக்கிரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை.) அணைத்து, புது ராமையும் மாட்டி, மறுபடி ஆன். முத்திரை. அப்புறம்... நீலத் திரை.

'48 இலக்க மீட்பு எண்ணை உள்ளிடவும்' என்று இங்கிலீஷில் கேட்டது.

இதற்குப் பெயர் பிட்லாக்கர். இப்போது வரும் பல விண்டோஸ் லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே பூட்டுப் போட்டுத்தான் தருகிறார்கள். போர்டைக் கழற்றும்போது வட்டமான சின்ன பேட்டரியையும் கடையில் பிடுங்கியிருக்க வேண்டும். அடிப்படை அமைப்புகள் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டன. உடனே லேப்டாப்புக்குச் சந்தேகம், 'நம்மைத் திருடன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானோ?' என்று. நியாயமான சந்தேகம். ஆனால் அந்த 48 எண் இல்லாமல் யாராலும் எஸ்.எஸ்.டி.யைப் படிக்க முடியாது. சொந்தக்காரனாலும்தான். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே 48. அன்று ராத்திரி எனக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது அந்த இடத்தில்தான்.

வழக்கமாக அந்த எண், நாம் விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். என் போனில் போய் அவன் கணக்கைத் திறந்தோம். அது ஒரு ரகசிய எண்ணை அனுப்பியது. எந்த நம்பருக்கு? காலேஜில் படிக்கும்போது கொடுத்த நம்பருக்கு. அதாவது ஒரத்தநாட்டில் இருக்கும் அவன் அப்பாவுக்கு. அதாவது என் மாமனாருக்கு. மணி பத்தரை.

"அப்பா, உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். படிங்க."

"ஓ.டி.பி. யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க தம்பி."

"அப்பா, நான் உங்க பையன்!"

"அப்படித்தான் சொல்லுவானுங்களாம். குரலைக்கூட கம்ப்யூட்டர்ல செஞ்சிடுறானுங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான்."

நான் போனை வாங்கினேன். "மாமா, நான்தான் பேசுறேன்."

"மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கு. ஆனா எப்படி நம்புறது? தலை தீபாவளிக்கு உங்களுக்கு எடுத்த வேட்டி என்ன கரை?"

"பச்சைக் கரை மாமா. அதுல பாயசத்தைக் கொட்டினது நீங்க."

இரண்டு விநாடி மௌனம். "எழுதிக்குங்க மாப்பிள்ளை" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார்.

மாமனாரைப் போல உஷாராக இருந்தால் இந்த நாட்டில் பாதி மோசடிக்காரர்கள் பட்டினிதான். 48 இலக்கத்தையும் நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். பூட்டு திறந்தது. டாலியைத் திறந்தான். ஏப்ரல் 30 வரைக்கும் எல்லாம் பத்திரம். அவன் ஒன்றும் பேசவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசு அத்தான்" என்றான். அவ்வளவு சுத்தமாகத் துடைத்த லேப்டாப்பில் ஏது தூசு?

ஆனால் ஜி.எஸ்.டி. இணையதளம் திறக்கவில்லை. 'பாதுகாப்பு இல்லை' என்று அடம்பிடித்தது. மூலையில் தேதியைப் பார்த்தால் 2019 ஜனவரி! வட்ட பேட்டரியைப் பிடுங்கியதில் கடிகாரமும் பின்னால் போய்விட்டது. தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் உள்ளே விடாது. தேதியைச் சரி செய்ததும் வழிவிட்டது. முதல் வேலையாக டாலி கணக்கை இரண்டு இடத்தில் பேக்கப் எடுக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு ரிட்டர்னும் போட்டுவிட்டான்.

இந்தக் கதையில் 14,500 ரூபாய்க்கும் ஓர் அழிப்பானுக்கும் இடையில் இருந்தது என்ன தெரியுமா? வித்தை இல்லை. ஒரு வரிசை. பயந்தவன் எப்போதும் பெரிய செலவில் இருந்து ஆரம்பிப்பான். போர்டு, புது லேப்டாப், பெர்சனல் லோன். வரிசை தெரிந்தவன் காசில்லாத சோதனையில் இருந்து ஆரம்பிப்பான். சார்ஜர், பட்டனை அமுக்கிப் பிடித்தல், ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் வீட்டு டி.வி.யோடு இணைத்துப் பார்த்தல் (டி.வி.யில் படம் வந்தால் கோளாறு லேப்டாப்பின் திரையிலோ அதன் கேபிளிலோ), கடைசியாகத் தொட்ட இணைப்புகள். போர்டு என்பது பட்டியலில் கடைசி வரி.

அந்தக் கடைசி வரி சில சமயம் உண்மையாகவும் இருக்கும். தண்ணீர் புகுந்தது, நெட்டை ஸ்க்ரூ குத்தியது, ஷார்ட் ஆனது. அப்போதும் முழு போர்டையும் மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு பீரோ அகலக் கடையில், மைக்ராஸ்கோப்பில் குனிந்து, எள்ளளவு சாமானை எடுத்துவிட்டு வேறு எள்ளை வைக்கிற கைகள் இருக்கின்றன. அவர்கள் முதலில் கேட்கிற கேள்வியே, 'கடைசியா யார் சார் திறந்தாங்க?' என்பதுதான். அக்கவுண்டன்ஸி படிக்காமலேயே புரொபஸரின் சூத்திரம்!

எனவே, அடுத்த தடவை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் நாலு காரியம்.

ஒன்று: பேக்கப் எடுங்கள். மார்ச் வரைக்கும் அல்ல, நேற்று வரைக்கும்.

இரண்டு: என்ன வேலை, எவ்வளவு, என்ன பாகம் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையைக் குறையாகச் செய்தால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இல்லாதவனுக்குச் சட்டமும் அனுதாபம் மட்டுமே தெரிவிக்கும்.

மூன்று: கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். 'சார்ஜ் இல்ல சார்' என்றால், 'பரவாயில்லை, நான் நிக்கிறேன், உங்க சார்ஜர்ல போடுங்க' என்று சொல்லுங்கள். கீபோர்டு, சத்தம், கேமரா, வை-ஃபை, ராம் அளவு எல்லாவற்றையும் பாருங்கள். ஐந்து நிமிஷம். பெண் பார்க்கப் போனால் இதைவிட அதிக நேரம் பஜ்ஜி சாப்பிடுகிறோம்.

நாலு: அந்த 48 இலக்க எண்ணை இன்றைக்கே எடுத்துக் காகிதத்தில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீர்கள். அது பூட்டின பெட்டிக்குள் சாவியை வைப்பது மாதிரி. அப்படியே கணக்கில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

மாமனார் நம்பராக இருந்தால், தலை தீபாவளி வேட்டிக்கு என்ன கரை என்று மனைவியிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.